ஏழு கத்திகளும் ஒரு ‘யாரோ’வும்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கு,

பழைய சவரக்கத்தியைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அதன் வயதைச் சொல்லிவிடுகிற ஆள் என்று என்னைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் புதுச்சத்திரம் பக்கத்து ஆளாக இருக்க முடியாது. அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி வேறு மாதிரிச் சொல்வார்கள். கண் மங்கிவிட்டதால் தொழிலை விட்டேன். மங்குவதற்கு முன்னால் மட்டும் என்ன பெரிதாகப் பார்த்துக் கிழித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

சாணை பிடிப்பது, துரு எடுப்பது, முத்திரை படிப்பது இதெல்லாம் கடையிலேயே வந்துவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. ஆனால் கத்தி உங்கள் கையில் இருக்கும்போது சுற்றிலும் நாலு பேர் நின்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் பாருங்கள், அந்த நேரத்துக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. எனக்கும் நடத்தவில்லை. நடத்தியிருந்தாலும் அன்றைக்கு நான் ஏதாவது வாசகசாலையில் உட்கார்ந்திருப்பேன்.

எங்களுடையது சேலத்தில் தறிக்குடும்பம். தறிக்குழியில் காலை விட்டால் எனக்குக் கால் மரத்துப்போகும். புத்தகத்தோடு மூலையில் முடங்கினால் மரத்துப்போகாது. இந்த வியாதியைக் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்த என் அப்பா, “இவன் நெய்ஞ்ச வேட்டியைக் கட்டிக்கிட்டு யாரும் வெளிய போக முடியாது” என்று தீர்ப்புச் சொல்லி, கடைவீதியில் கத்தி, கண்ணாடி, சீப்பு விற்கிற கடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஏற்காட்டுத் தோட்டத் துரைமார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகிற சாமான்கள் எங்கள் கடைக்கு வரும். அதில் சவரக்கத்திகள் நிறைய. சவரத் தொழிலாளிகள் வாங்குவார்கள். வாங்கிப் பெட்டியில் அடுக்கிவைத்து அழகு பார்க்கிறவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒரு வக்கீல், தன் கத்திகளை எந்த ராஜா காலத்தது, எந்த ராணி காலத்தது என்று வரிசை பிரித்து, சரித்திரப் புத்தகம் மாதிரி வைத்திருந்தார். அவர் முகத்தில் மட்டும் தாடி.

அந்த வக்கீல் ஒரு நாள் ஒரு கத்தியைக் கொண்டுவந்து எந்தக் காலத்தது என்று கேட்டார். நான் கடையில் சேர்ந்து கொஞ்சம் துளிர்விட்டிருந்த சமயம். செல்லுலாய்டில் வார்த்த மஞ்சள் பிடி, பளபளவென்று இருந்தது. “இது நேத்துப் பொறந்ததுங்க” என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். பிடியின் ஆணியைத் தட்டி எடுத்தார். பிடிக்குள் மறைந்திருந்த இடத்தில் பழைய ராணி காலத்து முத்திரை, நேற்று அடித்ததுபோல இருந்தது. இரும்பு தாத்தா, பிடி பேரன்.

“பொண்ணு பாக்கப் போனவன் பொடவையப் பாத்துட்டு வந்து நெறஞ் சொல்றான்” என்றார் முதலாளி, வக்கீலிடம். வக்கீல் சிரிக்காமல் இருந்தார். அதுதான் அதிகம் சுட்டது.

அன்றிலிருந்து இரும்பைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பிடி பொய் சொல்லும், கொண்டுவருகிற ஆள் பொய் சொல்வார், இரும்பு சொல்லாது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. கேட்க நன்றாக இருப்பதை எல்லாம் கொள்கையாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் செய்த பெரிய தப்புக்கு அஸ்திவாரம் இந்த நல்ல பாடம்தான்.

யுத்தம் வந்தது. கப்பல் நின்றது. புதுக் கத்தி வருவது நின்றுபோய், பிளேடு கிடைப்பதும் குதிரைக்கொம்பானபோது பழைய கத்திகளுக்கு மவுசு ஏறிவிட்டது. கத்தியோடு சேர்ந்து எனக்கும் ஏறியது. ஆத்தூர், நாமகிரிப்பேட்டை என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். போகிற இடத்தில் மோர் கொடுத்து, பாய் விரித்து, “சேலத்துக் கடைக்காரரு வந்திருக்காரு” என்று நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைக்கிறபோது நான் துடைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் துடைப்பேன்.

அப்படித்தான் புதுச்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு ஊருக்குக் கூப்பிட்டார்கள். நிலபுலன் உள்ள பெரிய குடித்தனம். ஊரில் எல்லோரும் அவரைப் பண்ணாடி என்பார்கள். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, உப்பு சக்கரை மாற்றுகிற நாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிறைந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சீரோடு சீராக ஒரு சவரக்கத்திப் பெட்டியும் கொடுப்பதாக ஏற்பாடு. பண்ணாடியின் அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்கார இஞ்சினீர் ஊர் திரும்பும்போது புத்தம் புதிதாகக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. உள்ளே நீல வெல்வெட், ஏழு பள்ளம், ஏழு கத்தி. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கத்தி. நாளின் பெயர் இங்கிலீஷில் கத்தியின் முதுகில் வெட்டியிருக்கும்.

அந்தப் பெரியவர் இருந்தவரை துரை மாதிரி அந்தந்த நாள் கத்தியில்தான் சவரம் செய்துகொள்வாராம். செய்தவர் அந்த வீட்டுக் குடிமகன் செங்கோடன். கொங்கு நாட்டில் குடிமகன் என்றால் சவரம் மட்டுமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பதில் ஆரம்பித்து, மணவறைக்கு முன்னால் நின்று வாழ்த்துப் பாடுவதுவரை அவர் இல்லாமல் நடக்காது. செங்கோடனின் அப்பா பண்ணாடிக்குப் பாடியிருக்கிறார். பெரியவர் காலமான பிறகும் அந்தப் பெட்டி செங்கோடன் வீட்டில்தான் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்துத் துரு அண்டாமல் வைத்திருந்து, சீருக்கென்று கேட்டதும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆத்தூர்ப் பக்கம் ஏதோ சாவுக்குப் போய்விட்டார். நான் போன அன்று அவர் ஊரில் இல்லை.

வெள்ளைத் துண்டை விரித்து ஏழு கத்தியையும் வரிசையாக வைத்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இன்னமும் அந்த வரிசை கண்ணுக்குள்ளே இருக்கிறது. ஐந்து கத்திகள் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கி, அலகில் போட்டிருந்த பொன் பூவேலை பாதி அழிந்து, முதுகு தேய்ந்து கிடந்தன. இரண்டு மட்டும் அகன்ற அலகு, பூவேலை ஒரு இதழ் கலையாமல், கருக்கு அழியாமல். தேய்ந்தது பழசு, தேயாதது புதுசு. இரும்பு பொய் சொல்லாது.

முத்திரை மட்டும் ஏழிலும் ஒன்றாக இருந்தது. அது கொஞ்சம் இடித்தது. “கம்பெனிக்காரன் பல வருசம் அதே முத்திரையை அடிப்பான்” என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டால், வருகிற சாட்சியெல்லாம் அதற்குக் கால் பிடித்துவிடும். இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரிவதைவிட இது முக்கியம்.

“அஞ்சு கத்தி ஒரே காலம். இந்த ரெண்டும் பிந்தி வந்து சேந்ததுங்க. அதே கம்பெனி பின்னால போட்ட வேற பெட்டியில இருந்து எடுத்து வெச்சிருக்கு” என்றேன். எந்த இரண்டு என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். முதுகில் வெட்டியிருந்ததை, நாக்கைச் சுழற்றி, இங்கிலீஷில் படித்துக் காட்டினேன். “டியூஸ்டே. ஃப்ரைடே.”

சபையில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. புரியாததனாலேயே மரியாதை கூடியது. எனக்கும் அது தித்தித்தது.

“அப்ப பழசு ரெண்டும் எங்கீங்க போச்சு?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நாமக்கல்காரர். வாயில் வெற்றிலை இல்லாதபோது யாரையாவது மென்றுகொண்டிருப்பார்.

“யாரோ மாத்தியிருக்காங்க.”

இந்த ‘யாரோ’ என்கிற சொல்லை என் வாயிலிருந்து இன்றைக்கும் யாராவது பிடுங்கி எறிந்தால் தேவலை. நம் தொழிலில் ‘யாரோ’ என்று ஒருவர் கிடையாது. நீங்கள் பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டு மோரைக் குடிப்பீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற ஊருக்கு அந்த ‘யாரோ’வின் வீடு, வாசல், வாசலில் கட்டியிருக்கிற ஆடு எல்லாம் தெரியும். பெட்டி யார் வீட்டில் இருந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை.

“ஏனுங்க சம்பந்தி, கத்திப் பொட்டியிலயே ரெண்டு வேறயா இருக்குதே, மிச்சச் சீரையெல்லாம் நல்லா எண்ணி வெச்சீங்களா?” என்று நாமக்கல்காரர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். பண்ணாடி சிரிக்கவில்லை. அவர் முகம் கருத்துப்போனதை நான் பார்த்தேன். அது பெட்டிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கிளம்பும்போது பண்ணாடி என்னைக் கல்யாணத்துக்கும் அழைத்தார். சம்பந்தி முன்னால் நிபுணரைக் கூப்பிடாமல் விட முடியாதல்லவா.

அதன் பிறகு ஒன்றைக் கவனித்தேன். புதுச்சத்திரம் பக்கத்துத் தொழிலாளிகள் கடைக்கு வருவது குறைந்துபோயிற்று. ஒருவர் கத்தி தீட்டுகிற தோல்வார் வாங்க வந்தார். கத்தியைக் கொடுங்கள், தீட்டித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாமுங்க.”

“ஏன்?”

“நீங்க பாத்துப்போட்டு இது எங்கப்பனுதில்லைன்னு சொல்லிப்போட்டீங்கன்னா?”

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கேட்கக் கேட்க விஷயம் வந்தது. செங்கோடன் ஆத்தூரிலிருந்து திரும்பிய அன்றே, இனி வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று பண்ணாடி ஆள் விட்டுச் சொல்லிவிட்டாராம். கல்யாணத்துக்கு நாமகிரிப்பேட்டையிலிருந்து வேறு ஒருவரைச் சொல்லியிருக்கிறதாம். செங்கோடன் போய் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லையாம், மறுக்கவும் இல்லையாம்.

“பேசாம இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரித்தானே?” என்றேன்.

அவர் தோல்வாரை மடித்து இடுப்பில் செருகினார். “அந்தக் கண்ணாலத்துல அவரு பாடலீன்னா, அப்பறம் எந்தக் கண்ணாலத்துலயும் அவரப் பாட உடமாட்டாங்க. அவரு மகனையுமுங்க. அது தெரிஞ்சும் போயிக் கெஞ்ச மாட்டேன்னு இருக்காரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது என்று இங்கே எழுத ஆசைதான். உண்மையில், நல்ல மனிதர் எதற்கு இப்படிச் செய்தார் என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன். என் கணக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, ஊருக்குப் போகிறோமே, முகம் திருத்தமாக இருக்கட்டும் என்று சோப்புக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கத்தியைக் கையில் எடுத்தேன். வீட்டுக்காரி வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தாள். கிண்ணத்தைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தாள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா கத்தியத் தொடறீங்க?”

“ஞாபகமில்ல.”

“இத்தனை வருசத்துல செவ்வா வெள்ளியில ஒரு நா வழிச்சிருக்கீங்களா? இப்ப என்ன வந்துது?”

நான் கத்தியை மடக்கினேன். பாதி மடங்கியதோடு கை நின்றுவிட்டது.

டியூஸ்டே. ஃப்ரைடே.

செவ்வாய். வெள்ளி.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெரியவர் என்னதான் துரை மாதிரி நடந்துகொண்டாலும் கொங்கு நாட்டுச் சம்சாரி. செவ்வாயும் வெள்ளியும் தாடியில் கத்தி படவிட்டிருப்பாரா? ஏழு கத்தியில் ஐந்து தேயும், இரண்டு பெட்டியில் படுத்தே இருக்கும். முத்திரை ஒன்று, பெட்டி ஒன்று, காலம் ஒன்று. அந்த இரண்டும் தேயாமல் இருந்ததுதான் பெட்டி கலையாமல் இருந்ததற்கே சாட்சி. அந்தச் சாட்சியை வைத்துத்தான் நான் ஒருவரைத் திருடனாக்கியிருக்கிறேன். சேலத்தில் பிறந்து, செவ்வாய் வெள்ளியில் ஒரு நாள்கூட முகம் வழிக்காதவன் நான். இதுவே ஏற்காட்டிலிருந்து ஒரு துரை வந்து செய்திருந்தால், பாவம், அவனுக்கு நம் வழக்கம் தெரியாது என்று சொல்லலாம். அன்று அந்த இரண்டு பெயரையும் தமிழில் படித்திருந்தால், சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களே சிரித்து என்னை எழுப்பி அனுப்பியிருப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள். சொன்னேன். அவள் நம்பவில்லை. “இதுகூடவா தெரியாம போச்சு?” என்று கேட்டாள்.

அன்றைக்கே கிளம்பினேன். பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடுகிற யுத்த காலத்துக் கரிப் பஸ். அன்று அது மூச்சு விட்டது, புகை விட்டது, நகர மட்டும் மறுத்துவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு போய் நின்றதில் சவர நினைப்பே வரவில்லை. ஒரு கடிதம் எழுதிப்போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. நானும் கொஞ்சம் எழுதுகிறவன், நாகரிகமாக எழுதியிருப்பேன். ஆனால் அது கல்யாணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கும். நாகரிகமான கடிதங்களுக்கு அந்தக் குணம் உண்டு.

போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டு வண்டிகளும் வந்திருந்தன. பந்தலில் கூட்டம். பண்ணாடியைத் தனியாகக் கூப்பிட்டேன். “ஒரு விசயம் பேசணும். கொஞ்சம் உள்ள போலாமுங்களா?”

“அந்தக் கத்தி விசயமா?”

“ஆமாங்க.”

“அன்னைக்குச் சபையிலதானே சொன்னீங்க” என்றார். அவ்வளவுதான். நகரவில்லை.

இதுதான் நான் முதலில் சொன்ன நேரம். நாலு பேர் இல்லை, நாற்பது பேருக்கு மேல். தப்பைச் சொல்லும்போது அதைச் சுற்றிப் பொட்டலம் கட்டத்தான் நாக்கு ஓடும். ‘பார்வைக்கு அப்படித் தெரிந்தது’, ‘எவ்வளவு பெரிய நிபுணருக்கும்’ என்றெல்லாம் எனக்கும் வந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, “அந்த ரெண்டு கத்தியும் செவ்வாக்கெழமைக் கத்தியும் வெள்ளிக்கெழமைக் கத்தியுமுங்க. அதான் தேயல. யாரும் எதையும் மாத்தல. நான் சொன்னது தப்பு” என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் வயதான அம்மாள் ஒருத்தி கேட்டாள்: “ஏஞ்சாமி, உங்கூர்ல வெள்ளிக்கெழமை வாரதில்லியா?”

பந்தல் சிரித்த சிரிப்பை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாமக்கல்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுக்குப் பூதக்கண்ணாடி வேறயா!” என்றார்.

பண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. “எங்கய்யன் செவ்வா வெள்ளியில தாடியத் தொட உடமாட்டாரு” என்றார், மெதுவாக. “எனக்குத் தெரியும். நானும் ரோசன பண்ணல. சம்பந்தி முன்னால மானம் போச்சுன்னு அது ஒண்ணுதான் தோணுச்சு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவனூட்டுக்குப் போறது?”

“நானும் வாரேனுங்க” என்றேன்.

“நீங்க வராம?”

பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டார். நடந்தோம். ஊர்க் கோடியில் வீடு. செங்கோடனின் மனைவி வெளியே வந்து, “மாமனுக்கு மேலுக்குச் செரியில்லீங்க” என்றாள். உள்ளே யாரோ ஆட்டை அதட்டுகிற குரல் நன்றாகத் திடமாகக் கேட்டது. பண்ணாடி போகாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் செங்கோடன் வந்தார். நெடு நெடுவென்று உயரம். நரைத்த மீசை. நான் தீர்ப்புச் சொன்ன ஆளை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

பண்ணாடி விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “அந்த ரெண்டு நாளும் கத்தியெடுக்கறதில்லைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாமல்லடா” என்றார்.

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க” என்றார் செங்கோடன். “கத்தியத்தானே கேட்டீங்களாமா. அது சொன்னதே போதும்னு உட்டுட்டீங்க.”

அது பண்ணாடிக்குச் சொன்னது. பார்த்தது என்னை.

“தப்பு என்னுதுங்க” என்றேன். கூட இன்னும் நாலைந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் பார்வையைப் பார்த்ததும் அவை எல்லாம் பஸ்ஸிலேயே தங்கிவிட்டன.

“நாளைக்கு வந்து பாடறயா?” என்றார் பண்ணாடி.

செங்கோடன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி நிலைப்படியில் நின்று சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். “பாடறேனுங்க. எங்கப்பன் பாடுன மணவறை, நான் உட்டுட்டு எங்க போறது? இப்பவே வாரேன், வேலையப் பாக்கோணும்” என்றார். “ஆனா ஒண்ணு. அந்தப் பொட்டியில எம்பேர எழுதுனது இந்தக் கடைக்காரரு. அவரே சொமந்துட்டு எம்பின்னால வரட்டும்.”

பண்ணாடி பெட்டியை என் கையில் கொடுத்தார். அது கனமில்லை. ஏழு கத்தியும் கொஞ்சம் வெல்வெட்டும். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை செங்கோடன் முன்னால் நிதானமாக, வேண்டியதைவிடக் கொஞ்சம் நிதானமாக நடக்க, நான் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். திண்ணைக்குத் திண்ணை, வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பூதக்கண்ணாடியை வேண்டியதைவிட அதிகம் துடைத்த ஆள் அதைப் பற்றிக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை பந்தலுக்குப் பின்னால் சவரம் நடந்துகொண்டிருந்தது. நான் ஒதுங்கி நின்றேன். வியாழக்கிழமை வழித்த முகம். கன்னத்தில் கை வைத்தால் தென்னந்துடைப்பம். செங்கோடன் பார்த்துவிட்டார்.

“வாங்க சாமி. கல்யாண ஊட்டுல இப்பிடியா நிப்பாங்க? உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவர் தன் சொந்தக் கத்தியை எடுத்தார். கறுப்புக் கொம்புப் பிடி. தீட்டித் தீட்டி அலகு வெற்றிலைக் காம்பு அளவுக்கு ஒடுங்கியிருந்தது. வலது கன்னத்தை வழித்தார். கைத்தொழில் தெரிந்த கை, ஒரு கீறல் இல்லை. மோவாயைத் தூக்கிக் கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, கேட்டார்:

“இது எந்தக் காலத்துக் கத்திங்க?”

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்க்க முடியாது. என் மோவாய் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதும் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு ராஜாவோ ராணியோ தயாராக இருப்பார்கள்.

“தெரியலீங்க” என்றேன். தொழிலில் நான் முதன்முதலாகச் சொன்ன ‘தெரியவில்லை’ அதுதான். அதைச் சொல்ல எனக்குக் கழுத்தில் கத்தி தேவைப்பட்டிருக்கிறது. உங்களுக்கு அப்படி நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“செரீங்க” என்றார்.

அதற்குள் பந்தலிலிருந்து குரல் வந்தது: “செங்கோடா, மாப்பளை உக்காந்தாச்சு, வா!” அவர் கத்தியைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கத்திக்காகப் பெட்டியை எடுத்துக்கொண்டார். “இருங்க சாமி, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலது கன்னம் வழவழவென்று, இடது கன்னம் சோப்பு நுரையோடு காத்திருந்தேன். நுரை காய்ந்தது. மாப்பிள்ளைக்கு முகம் வழித்தாயிற்று. ஒரு சீர் முடிந்து இன்னொரு சீர். பெட்டியை மாப்பிள்ளை கையில் கொடுக்கிற நேரம் வந்தபோது பண்ணாடி என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். பல்வலி என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பந்தலில் என் வாயிலிருந்து இன்னொரு பொய்யான முடிவு வர வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மணவறைக்கு முன்னால் செங்கோடன் எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தார். கணீரென்ற குரல். பண்ணாடி துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். பாட்டு நடுவில் செங்கோடனின் பார்வை ஒரு தடவை என் பக்கம் வந்தது. வந்தது, தங்கவில்லை, போய்விட்டது. அவர் மறந்துதான் போனாரா, மறக்காமல் விட்டாரா என்று அதற்கு இன்றுவரை என்னால் காலம் குறிக்க முடியவில்லை.

பந்தியில் நாமக்கல்காரர் என் எதிரே உட்கார்ந்தார். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். எனக்குப் பிடித்த அதே நிதானத்தில் பார்த்தார்.

“ஏனுங்க கடைக்காரரே,” என்றார், “ரெண்டும் ஒரே பொட்டியில வந்ததுதானுங்களா?”

“ஆமாங்க” என்றேன். “இதுல ஒண்ணு வியாழக்கெழமை. ஒண்ணு ஞாயித்துக்கெழமை.”